குழந்தை வதையைக் கண்டறிதல்: செவிலியருக்கு இணையவழிப் பயிற்சி

காயத்துடன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் குழந்தையை முதலில் தொட்டுப் பார்ப்பவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், செவிலியரே. சட்டையைக் கழற்றுபவரும், எடை பார்ப்பவரும், ஊசி போடுபவரும், இரவு முழுவதும் கட்டிலருகே நடமாடுபவரும் அவரே. தாய் சொல்லும் காரணத்தையும், சிறிது நேரம் கழித்துத் தந்தை சொல்லும் வேறொரு காரணத்தையும் கேட்பவர் அவர். தகப்பன் அறைக்குள் நுழைந்ததும் குழந்தை பேச்சை நிறுத்திக்கொள்வதைக் காண்பவரும் அவர். இவ்வளவு அருகில் இருப்பவர், காண்பதன் பொருளை உணராமற் போனால், அந்தக் குழந்தை மாவுக்கட்டுடன் அதே வீட்டிற்கே திரும்பிச் செல்கிறது. மறுமுறை வரும்போது காயம் பெரிதாக இருக்கக்கூடும்.

மருத்துவ உலகமே இதை மிகத் தாமதமாகத்தான் உணர்ந்தது. பிரான்சு நாட்டின் சட்ட மருத்துவ அறிஞர் அம்புருவாஸ் தார்தியூ 1860இல் குழந்தைகள் மீதான கொடுமைகளைப் பற்றி விரிவாக எழுதினார்; எவரும் பொருட்படுத்தவில்லை. 1946இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் காஃபி, மண்டையோட்டினுள் இரத்தம் கட்டியிருந்த 6 கைக்குழந்தைகளின் கை கால் எலும்புகளிலும் முறிவுகள் இருந்ததைக் கண்டு எழுதினார். காரணம் இன்னதென்று வெளிப்படையாகக் கூற அவரும் தயங்கினார். 1962இல் டென்வர் நகரத்து மருத்துவர் ஹென்றி கெம்பியும் அவருடைய துணைவர்களும் 'அடிபட்ட குழந்தை நோய்க்குறித் தொகுதி' என்று அதற்குப் பெயரிட்ட பின்னரே நிலை மாறியது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் அமெரிக்க மாநிலங்கள் அநேகமாக அனைத்திலும் இத்தகைய ஐயத்தை அறிவித்தாக வேண்டும் என்ற சட்டம் வந்துவிட்டது. பெயரில்லாத நோயைக் கண் கண்டாலும் மனம் காண்பதில்லை என்பதற்கு இவ்வரலாறு சான்று.

நம் நாட்டில் இதன் அளவை முதன்முதலாகப் பெருமளவில் எடுத்துக்காட்டியது, மத்திய மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நேரில் கேட்டறியப்பட்டது. ஏதேனும் ஒரு வகையில் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறியவர்கள் 53.22 விழுக்காட்டினர். உடல்வதைக்கு ஆளானவர்கள் மூன்றில் இரண்டு பங்கினர். பாலியல் கொடுமை மிகுதியாகத் தெரிவிக்கப்பட்ட மாநிலங்களாக அவ்வாய்வு ஆந்திரப் பிரதேசம், அஸ்ஸாம், பீகார், தில்லி ஆகியவற்றைக் குறிப்பிட்டது. கொடுமை இழைத்தோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர்கள் அல்லது அதன் நம்பிக்கைக்கு உரியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் நடந்ததை எவரிடமும் சொல்லவில்லை. அவர்களுடைய உடல் மட்டும் ஏதோ ஒரு நாள், ஏதோ ஒரு நோயின் பெயரால், மருத்துவமனைக்கு வந்து சேர்கிறது.

சித்தூரும் திருப்பதியும்

பழைய சித்தூர் மாவட்டம் 1911இல் அமைக்கப்பட்டது. 2022 ஏப்ரல் 4 அன்று அதன் ஒரு பகுதியையும் நெல்லூர் மாவட்டத்தின் ஒரு பகுதியையும் சேர்த்துத் திருப்பதி தனி மாவட்டமாக்கப்பட்டது. இப்பகுதி மருத்துவ நிலையங்கள் நிறைந்த ஒன்று. 1960இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும் அதனோடு இணைந்த ரூயா மருத்துவமனையும், 1993இல் செயல்படத் தொடங்கிய திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் நிறுவனமும், 2021இல் திறக்கப்பட்ட குழந்தைகள் இருதய மருத்துவமனையும் திருப்பதியில் உள்ளன. சித்தூருக்குத் தெற்கே சிறிது தொலைவில் வேலூர். செவிலியர் கல்லூரிகளுக்கும் இங்குக் குறைவில்லை.

எனினும் இவ்விரு ஊர்களிலும் பணிபுரியும் செவிலியரின் வேலை, வேறு பல மாவட்டங்களில் உள்ளவர்களுடையதைவிடச் சிக்கலானது. முதற்காரணம் மொழி. பதாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்திற்கும் சத்தியவேடு ஆந்திரத்திற்கும் சென்றன. கோடு போட்டவுடன் மக்களின் பேச்சு மாறிவிடவில்லை. நகரி, சத்தியவேடு, குப்பம் ஆகிய பகுதிகளில் வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசும் குழந்தைகள் பலர். அச்சத்தில் இருக்கும் குழந்தை பேசுவது வீட்டு மொழியே. அதன் சொல்லைத் தெலுங்கில் மாற்றி, பின்னர் ஆங்கிலத்தில் வழக்குக் குறிப்பாக எழுதும்போது, உடலுறுப்புக்குக் குழந்தை வைத்திருக்கும் செல்லப் பெயர் காணாமற் போய்விடுகிறது. வழக்குமன்றத்தில் எதிர்த்தரப்பு கேட்கும் முதற்கேள்வி அந்தச் சொல்லைப் பற்றியதாகவே அமையக்கூடும்.

இரண்டாவது, யாத்திரிகர் பெருக்கம். நாடெங்கிலுமிருந்து நாள்தோறும் பல்லாயிரவர் வந்து போகும் ஊர் திருப்பதி. கூட்டத்தில் தவறிய குழந்தை, வீட்டைவிட்டு ஓடிவந்து இரயில் நிலையத்தில் இறங்கிய சிறுவன், உறவினர் எனச் சொல்லிக்கொள்ளும் ஒருவருடன் வரும் சிறுமி என எல்லோரும் அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலை ஏதேனும் ஒரு வேளை மிதிக்கக் கூடியவர்கள். மறுநாள் இரயிலேறிவிடும் குடும்பத்தைத் தொடர்ந்து கவனிப்பதற்கு வழியில்லை. 'இது வேறு மாநிலத்து விவகாரம்' என்று ஒதுக்கிவிடும் போக்கும் உண்டு. சட்டம் அதை ஏற்கவில்லை. குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும், தகவலைப் பெறும் காவல் நிலையம் அதைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 2023இன் 173ஆம் பிரிவு கூறுகிறது.

சட்டம் செவிலியர் மீது சுமத்தியது

2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒவ்வொரு செவிலியரும் ஒருமுறையேனும் தாமே படித்தறிதல் நன்று. குற்றம் நடந்திருப்பதாக அறிந்த, அல்லது நடக்கக்கூடும் என்று அஞ்சும் 'எந்த நபரும்' சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்திற்கோ தெரிவிக்க வேண்டும். அச்சொற்றொடர் மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. 'பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன்' என்பதோடு செவிலியரின் கடமை தீர்ந்துவிடுவதாகச் சட்டத்தில் எங்கும் இல்லை. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தம் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்துடன் தகவல் தருபவருக்கு அதே பிரிவின் ஏழாவது உட்பிரிவு பாதுகாப்பளிக்கிறது. தண்டனையைப் பற்றி அறிந்துள்ள பலரும் இப்பாதுகாப்பைப் பற்றி அறியாதிருப்பது விந்தை. பயிற்சிகள் அச்சுறுத்தலையே முன்னிறுத்துவதன் விளைவு எனலாம்.

உச்ச நீதிமன்றம் இதில் உறுதியாக நிற்கிறது. சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட குழந்தை கொடுமைக்கு ஆளாகியிருப்பதை உணரும் மருத்துவமனை உடனே காவல் துறைக்கு அறிவிக்க வேண்டும் என 2013 ஏப்ரலில் பணித்தது. 2022 நவம்பரில், விடுதியில் தங்கிப் பயின்ற பழங்குடிச் சிறுமியரைப் பற்றிய ஒரு மராட்டிய மாநில வழக்கில், அறிந்தும் அறிவியாதிருத்தல் கடுங்குற்றம் என்றும் அது குற்றவாளிகளைக் காக்கும் முயற்சி என்றும் கருத்துரைத்தது.

மருத்துவச் சிகிச்சை காவல் துறையின் கடிதத்திற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகள் இதைத் தெளிவாக்குகின்றன: அவசர உதவிக்கு முன்நிபந்தனையாக எந்த ஆவணத்தையும் கோரக்கூடாது. 27ஆம் பிரிவின்படி, சிறுமியைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும். அவ்வாறு எவரும் இல்லையெனில் மருத்துவ நிறுவனத் தலைவர் நியமிக்கும் பெண்ணொருவர் இருக்க வேண்டும். அந்தப் பெண் நடைமுறையில் பெரும்பாலும் பணியிலிருக்கும் செவிலியரே ஆவார்.

உடல் சொல்லும் செய்தி

குழந்தைகள் விழுவதும் அடிபடுவதும் இயல்பு. ஓடியாடும் குழந்தையின் முழங்காலிலும் முன்தாடையிலும் நெற்றியிலும் கன்றிய தடங்கள் இருப்பது நலமான குழந்தைப் பருவத்தின் அடையாளம். ஐயம் தோன்ற வேண்டிய இடங்கள் வேறு. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகியவற்றில் கன்றல் இருந்தாலும், ஐந்து மாதம் நிறையாத சிசுவின் உடலில் எங்கே இருந்தாலும், அதற்குத் தக்க விளக்கம் வேண்டும். அமெரிக்க மருத்துவர் மேரி கிளைடு பியர்சும் துணைவர்களும் 2010இல் வகுத்து, 2021இல் விரிவாக்கிய விதி இது. கன்னத்தின் சதைப்பகுதி, தாடைக் கோணம், கண்ணிமை, மேலுதட்டை ஈறோடு இணைக்கும் தசைநார், கண்ணின் வெண்படலம் ஆகியவையும் பின்னர்ச் சேர்க்கப்பட்டன. இன்னும் புரளக் கற்காத குழந்தை தானே அடிபட்டுக்கொள்வது அரிது என்ற எளிய உண்மையே இதன் அடிப்படை.

கொதிநீர்ப் புண்ணிலும் இவ்வாறே. தானே இழுத்துக் கொட்டிக்கொண்ட குழந்தைக்கு முகத்திலும் மார்பிலும் ஒழுங்கற்ற, கீழே செல்லச் செல்லக் குறையும் புண் ஏற்படும். பிடித்து நீரில் அமிழ்த்தப்பட்ட குழந்தைக்குக் காலுறை அணிந்ததுபோல் இரு கால்களிலும் ஒரே உயரத்தில் தெளிவான எல்லைக்கோடு இருக்கும். நடக்கத் தொடங்காத குழந்தையின் தொடையெலும்பு முறிவும், சிசுவின் விலா எலும்புகளில் முதுகுப்புற முறிவும் உடனே கவனத்திற்குரியவை.

அயல்நாட்டுப் பாடங்களை அப்படியே பெயர்த்துப் பயன்படுத்துவதில் உள்ள ஆபத்து இங்கே வெளிப்படுகிறது. இந்தியக் குழந்தைகளில் பெரும்பாலோர்க்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பிட்டத்திலும் நீலச் சாம்பல் நிற மறு இருக்கும். வெளிறிய தோலை வைத்து எழுதப்பட்ட பாடத்தை மட்டும் பயின்றவர் அதைக் கன்றிய காயம் எனக் கருதி ஏழைத் தாயைக் காவல் நிலையம் வரை அலையவிடக்கூடும். மறு ஒரு வாரத்தில் மங்காது, கன்றல் மங்கும். பிறப்புக் குறிப்பேட்டில் அந்த மறுவை அன்றே பதிந்து வைத்தால் இத்தொல்லை இல்லை. கருமையான தோலில் புதிய கன்றல் எளிதில் புலப்படாது என்பது இதன் மறுபக்கம். நல்ல வெளிச்சத்தில், தடவிப் பார்த்து, வீக்கத்தையும் குழந்தை முகம் சுளிப்பதையும் கவனிக்க வேண்டும். நிறத்தைக் கொண்டு காயம் எத்தனை நாள் பழையது எனக் கணித்தெழுதும் பழைய வழக்கம் நம்பத்தக்கதன்று என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பிறகு, சூடு போடுதல். மாந்தத்திற்கும் வலிப்புக்கும் காய்ச்சிய கம்பியால் சூடிடும் வழக்கம் நாட்டின் சில பகுதிகளில் இன்னும் மறையவில்லை. அன்பினால் செய்ததேயாயினும் குழந்தைக்கு அது தீங்குதான். ஆனால் அதைச் செய்த பாட்டியையும், சிகரெட்டால் சுட்ட குடிகாரனையும் ஒரே தட்டில் வைப்பது மருத்துவமும் ஆகாது, நீதியும் ஆகாது.

பாலியல் கொடுமையில் உடல் பெரும்பாலும் எதையும் சொல்வதில்லை. கொடுமைக்கு ஆளான குழந்தைகளில் மிகப் பலருடைய பரிசோதனை இயல்பாகவே இருக்கும். 'காயம் இல்லை, ஆகவே ஒன்றும் நடக்கவில்லை' என்று எழுதுவதைப் போன்ற பிழை வேறில்லை. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் 96 மணி நேரம் வரை தடயங்களைச் சேகரிக்கலாம் என்கின்றன. ஆகவே குழந்தையைக் குளிப்பாட்டிச் சுத்தமாக்கி மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் நல்லெண்ணச் செயல், தடயத்தை அழிக்கும் செயலாகிவிடுகிறது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்கியாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு மணியும் கணக்கில் வரும்.

கேட்டலும் எழுதலும்

குழந்தை பேச முற்படும்போது செவிலியர் செய்யத்தக்கது மிகச் சிறிது. அதைச் சரியாகச் செய்வதே கடினம். 'மாமாதானே அடித்தார்?' என்று கேட்கக்கூடாது. 'என்ன ஆயிற்று, சொல்லு' என்பது போதும். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்களிக்கவே கூடாது. அந்த வாக்கைச் சட்டப்படி காக்க இயலாது, குழந்தையோ ஒருமுறை ஏமாந்தபின் மறுமுறை வாய் திறக்காது. குழந்தையின் சொல்லை அதன் மொழியிலேயே, மேற்கோள் குறிக்குள், நேரமும் உடனிருந்தோர் பெயரும் சேர்த்து எழுதவேண்டும். சித்தூரில் தமிழில் சொன்னது தமிழிலேயே நிற்கட்டும். பெயர்ப்பு அதன் கீழே வரலாம். குழந்தைக்குப் புரியாத மொழியில் காவல் துறையினர் பதிவு செய்ய நேர்ந்தால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்தல் வேண்டும் என்று 19ஆம் பிரிவே கூறுகிறது.

பருவம் எய்திய சிறுமி கருவுற்று வரும்போது சிக்கல் மேலும் முற்றுகிறது. 2019–21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஆந்திரத்தில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களில் 29.3 விழுக்காட்டினர் 18 வயதுக்கு முன்னரே மணமானவர்கள். அண்டையிலுள்ள தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு. தாலியுடன் பேறுகாலப் பதிவுக்கு வரும் பதினேழு வயதுப் பெண் சட்டத்தின் பார்வையில் குழந்தையே. காவல் துறைக்குச் செய்தி போகும் என்று அஞ்சி அக்குடும்பம் அரசு மருத்துவமனையை விட்டே விலகினால், தாயும் சேயும் இழப்புக்குள்ளாவர். உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில், இசைவுடன் கூடிய உறவினால் கருவுற்ற சிறுமி கருக்கலைப்பை நாடும்போது, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தரும் தகவலில் அவளது பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று கூறியது. அறிவிக்கும் கடமை நீங்கவில்லை. அடையாளம் மட்டும் காக்கப்படுகிறது. இவ்வேறுபாட்டைப் பயிற்சியின்றி எவரும் தாமே உய்த்துணர்வர் என்று எதிர்பார்க்க இயலாது.

இணையவழியே ஏன்?

சித்தூர் மாவட்டம் இத்துறைக்குப் புதியதன்று. 2000 மார்ச்சில் அரகொண்டா என்னும் சிற்றூரின் அப்பல்லோ மருத்துவமனையில் நிறுவப்பட்ட தொலைமருத்துவ நிலையம், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டனின் இந்திய வருகையின்போது தொடங்கிவைக்கப்பட்டது. செயற்கைக்கோள் வழியாகச் சென்னை மருத்துவர் அக்கிராமத்து நோயாளியைக் கண்டார். மருத்துவ ஆலோசனைக்கு உதவிய அவ்வழி செவிலியர் கல்விக்கும் உதவுமென்பது வெளிப்படை. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் 2020இல் மத்திய அரசின் ஆதரவுடன் அமைந்த 'சம்வாத்' அமைப்பு, இன்னலுற்ற குழந்தைகளோடு பணிபுரிவோர்க்கு நாடு தழுவிய இணையவழிப் பயிற்சிகளை நடத்தி வருகிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலம் 2014ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால், உரிமம் பெறும் செவிலியர் முதலானோர் 3 மணி நேரமும், புதுப்பிக்கும்போது 2 மணி நேரமும் இப்பாடத்தைப் பயில வேண்டுமெனக் கட்டாயமாக்கியது. ஆயிரக்கணக்கானோர் அதை வீட்டிலிருந்தே கணினியில் முடிக்கின்றனர்.

மூன்று வேளை முறைப்பணியில் இருப்பவர்களை ஒரே நாளில் மாவட்டத் தலைநகருக்கு அழைத்தால் வார்டில் ஆளிராது. ஆரம்பச் சுகாதார நிலையத்தின் ஒற்றைச் செவிலியரை ஒரு நாள் வெளியே அனுப்புவதும் எளிதன்று. இவ்வகையில் இணையவழி ஒரு தீர்வு. ஆனால் அதன் மீது அளவுக்கு மீறிய நம்பிக்கை வைப்பதற்குச் சான்றில்லை. பயிற்சியினால் அறிவு பெருகுகிறது. உண்மையாகவே குழந்தைகளைப் பற்றிய அறிவிப்புகள் கூடுகின்றனவா, அவற்றின் தரம் உயர்கிறதா என்பதில் கிடைத்துள்ள சான்று உறுதியானதன்று என 2022ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு கருதியது. பொத்தானை அழுத்திக்கொண்டே சென்று சான்றிதழ் எடுப்பது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. இங்கு மட்டும் நடவாது என்று கருதக் காரணம் இல்லை.

ஆகவே கணினிப் பாடத்தின் பின், அதே மருத்துவமனையின் குழந்தை மருத்துவரும், குழந்தைகள் நலக் குழு உறுப்பினரும், சிறார் காவல் அலுவலரும் மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் திரையிலேனும் செவிலியரோடு அமர்ந்து, பெயர் நீக்கிய நிகழ்வொன்றை விவாதித்தல் பயன் தரும். நியூ மெக்சிகோவில் மருத்துவர் சஞ்சீவ் அரோரா 2003இல் தொடங்கிய 'எக்கோ' முறை இதுவே. இரவு இரண்டு மணிக்கு ஐயம் எழுந்தால் யாரை அழைப்பது என்பதை முகமறிந்த ஒருவரே தீர்க்க முடியும். 1098 என்ற எண் சுவரில் ஒட்டியிருப்பது தேவைதான், போதுமானதன்று. பாடத்தில் உண்மைக் குழந்தைகளின் படங்களைச் சேர்த்தலாகாது, கோட்டோவியங்கள் போதும். அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது என்பது ஒருபுறமிருக்க, கைப்பேசியில் இறங்கிய படம் எங்கெல்லாம் போய்ச்சேரும் என்பதை எவராலும் கட்டுப்படுத்த இயலாது. பயில்வோருள் சிலர் தம் இளமையில் இதே கொடுமையைக் கண்டவர்களாக இருக்கக்கூடும். எனவே பாடத்தின் தொடக்கத்திலேயே இடையில் நிறுத்திக்கொள்ளவும், உளநல ஆலோசகரை நாடவும் வழி சொல்லப்பட வேண்டும்.

செவிலியர் வாய் திறக்கத் தயங்குவதற்கு அறியாமை மட்டும் காரணம் அன்று. உள்ளூரில் செல்வாக்குடைய குடும்பம் வார்டு வாசலில் வந்து நிற்கும். பிறகு அழைப்பாணை வரும்; விடுப்பு எடுத்து, பேருந்தேறி, நாள் முழுதும் காத்திருந்து, 'அடுத்த வாய்தா' என்ற சொல்லோடு திரும்ப வேண்டும். குழந்தையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவு செய்யவும், வழக்கை இயன்றவரை ஓராண்டுக்குள் முடிக்கவும் போக்சோ சட்டத்தின் 35ஆம் பிரிவு விழைகிறது. செவிலியருக்கு அவ்வாறு நாள் எல்லை ஏதும் இல்லை. இதற்குள் அவர் குப்பத்திலிருந்து காளஹஸ்திக்கு மாற்றப்பட்டிருக்கலாம். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 530ஆம் பிரிவு சாட்சிகளை மின்னணு வழியில் விசாரிக்க இடமளிக்கிறது. பாடம் கேட்கப் பயன்படும் அதே அறையும் அதே திரையும், அவர் பணியிடத்தை விட்டு அகலாமல் சாட்சியம் அளிக்கவும் பயன்படலாம். மாவட்ட மருத்துவ அலுவலரும் மாவட்ட நீதித்துறையும் கலந்துபேசி அதற்கான ஏற்பாட்டைச் செய்யச் சட்டத் தடை ஏதும் இல்லை.